தோல்வியை ஏற்கும் கடமை: காம்பியா நாட்டுத் தேர்தல் தரும் பாடம்

அரசியல் பாடத்தில் தேர்தலைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். வாக்குரிமை யாருக்கு உண்டு, தொகுதிகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன, வென்றவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பன பற்றித் தேர்வில் வினாக்களும் வருகின்றன. தோற்றவரின் கடமை யாது என்ற வினாவை மட்டும் எவரும் கேட்கக் காணோம். ஆயினும் மக்களாட்சி நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் அந்த வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

வென்றவர் தேர்தல் முடிவை ஏற்றுக்கொள்வதில் வியப்பு ஒன்றும் இல்லை. தோற்றவர் ஏற்பதே அரிது. அதிலும், படையும் காவலும் கருவூலமும் தம் கையில் இருக்கும்போதே தோற்றுப்போன ஆட்சித் தலைவர் ஏற்பது மிக அரிது. அத்தகையவர் ஏற்க மறுத்தால் என்ன நிகழும்? 2016 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை ஏறத்தாழ ஐம்பது நாட்கள் காம்பியா என்னும் சிறு நாட்டில் நடந்தவற்றை ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு நல்ல விளக்கம் கிடைக்கும்.

நாடும் தலைவரும்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், காம்பியா ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி நீண்டு கிடப்பது இந்நாடு. மேற்கே அட்லாண்டிக் கடல். மற்ற மூன்று புறமும் செனகல் நாடு. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு வேறு இல்லை. 2016இல் இதன் மக்கள்தொகை ஏறத்தாழ இருபது இலட்சம். தலைநகர் பாஞ்சுல்.

1965இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாள் முதல் தாவ்தா ஜவாரா என்பவர் இந்நாட்டை ஆண்டுவந்தார். 1994 ஜூலையில் யாஹ்யா ஜாமே என்ற ராணுவ அதிகாரி, தம் இருபத்தொன்பதாம் வயதில், ஜவாராவின் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். பின்னர் 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல் நடத்தி நான்கிலும் வென்றார். இறைவன் விரும்பினால் நூறு கோடி ஆண்டுகள் கூடத் தாம் ஆளப்போவதாக 2011இல் பி.பி.சி. நிருபரிடம் அவர் கூறியது உலகெங்கும் பேசப்பட்டது.

2016 ஏப்ரலில் தேர்தல் சீர்திருத்தம் வேண்டிக் கிளர்ச்சி நடந்தது. அதில் கைதான எதிர்க்கட்சித் தொண்டர் சோலோ சாண்டெங் காவலில் இருக்கும்போதே இறந்தார். ஐக்கிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் உசைனு டார்போவும் சிறையில் அடைக்கப்பட்டார். பிரிந்து கிடந்த எதிர்க்கட்சிகளை இந்தக் கொடுமை ஒன்றுசேர்த்தது. அவை கூடி ஒரே வேட்பாளராக அடாமா பாரோ என்பவரை நிறுத்தின. பாரோ அதற்குமுன் எந்த அரசுப் பதவியும் வகித்தவர் அல்லர். நிலம், வீடு வாங்கி விற்கும் தொழில் நடத்தியவர். இளமையில் இலண்டனில் ஒரு கடையில் காவலாளியாக வேலை பார்த்தவர். மாமா கண்டே என்பவர் மூன்றாம் வேட்பாளராகத் தனித்து நின்றார்.

கோலிக்குண்டு வாக்கு

காம்பியாவின் வாக்குமுறை நமக்குப் புதுமையானது. அங்கே வாக்குச் சீட்டும் இல்லை, இயந்திரமும் இல்லை. வாக்களிப்பவர் கையில் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டைக் கொடுப்பார்கள். மறைவிடத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் உலோகப் பீப்பாய் இருக்கும். அதன்மேல் வேட்பாளரின் படமும் கட்சியின் நிறமும் காணப்படும். 2016இல் ஜாமேயின் பீப்பாய் பச்சை, பாரோவினுடையது வெள்ளி நிறம், கண்டேயினுடையது ஊதா. விரும்பிய பீப்பாயின் துளையில் குண்டைப் போட்டால் உள்ளே உள்ள மணி ஒருமுறை ஒலிக்கும். இருமுறை ஒலித்தால் ஏதோ முறைகேடு என்று வெளியே இருக்கும் அலுவலர் அறிந்துகொள்வார். இந்த ஓசையோடு குழப்பம் நேராதிருக்க, வாக்களிப்பு நாளில் சாவடிகளின் அருகே சைக்கிள் விடவும் தடை உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றி வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1960களில் புகுத்தப்பட்ட முறை இது. எண்ணுவதும் எளிது. குழிகள் நிறைந்த தட்டில் குண்டுகளைக் கொட்டினால், நிறைந்த குழிகளைக் கொண்டே கணக்கு முடிந்துவிடும். வேட்பாளர்களின் முகவர்கள் சூழ நின்று பார்ப்பார்கள். கண்ணால் காணும் கணக்கைப் பொய் என்று சொல்வது கடினம். இதை ஜாமேயும் நன்கு அறிந்திருந்தார். தேர்தலுக்கு முன் தம் நாட்டு முறையில் மோசடிக்கே இடமில்லை என்று பெருமை பேசியவர் அவரே.

தொலைபேசியில் ஒரு வாழ்த்து

2016 டிசம்பர் 1ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. அன்று இணைய இணைப்பும் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தன. மறுநாள் தேர்தல் ஆணையத்தின் தலைவர் அலியூ மோமர் ஞாய், பாரோ வென்றார் என அறிவித்தார். எண்பது வயதைக் கடந்த அம்முதியவரின் அறிவிப்பைக் கேட்டு மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினர்.

அடுத்து நடந்ததுதான் எவரும் எதிர்பாராதது. ஜாமே தொலைக்காட்சியில் தோன்றினார். பாரோவைத் தொலைபேசியில் அழைத்து, நாடே கேட்கும்படி அவருக்கு வாழ்த்துக் கூறினார். முடிவை ஏற்பதாகவும் அறிவித்தார். இருபத்திரண்டு ஆண்டு அடக்குமுறை ஆட்சி ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிந்ததுபோல் தோன்றியது.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். காம்பியாவின் 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பு, முதற்சுற்றில் எவருக்கும் பாதிக்குமேல் வாக்குக் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று நடத்த வேண்டும் என்றது. ஜாமேயின் ஆட்சியே 2001இல் அவ்விதியை நீக்கி, அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர் என்று மாற்றியது. எதிர்க்கட்சிகள் பிரிந்து நிற்கும்வரை அந்த மாற்றம் அவருக்குத் துணை செய்தது. அவை பெரும்பாலும் ஒன்றுசேர்ந்த 2016இல் அதே விதி அவரை வீழ்த்தியது.

கணக்கில் நேர்ந்த பிழை

டிசம்பர் 5ஆம் நாள் தேர்தல் ஆணையம் தன் கணக்கில் பிழை நேர்ந்ததென்று தானாகவே அறிவித்தது. ஒரு பகுதியின் வாக்குகளைக் கூட்டும்போது தவறு நடந்திருந்தது. முதலில் பாரோவுக்கு 2,63,515 என்றும் ஜாமேக்கு 2,12,099 என்றும் அறிவித்திருந்தார்கள். திருத்திய கணக்கில் பாரோவுக்கு 2,27,708, ஜாமேக்கு 2,08,487, கண்டேக்கு 89,768 என்று வந்தது. 51,416 ஆக இருந்த வேறுபாடு 19,221 ஆகக் குறைந்தது. ஆயினும் வென்றவர் பாரோவே.

ஆணையம் செய்தது சரியா? வாய்மூடி இருந்திருந்தால் பிழை வெளிப்படாமலே போயிருக்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பிழையை மறைத்த ஆணையத்தை எவர் நம்புவர்? திருத்தத்தினால் ஆணையத்தின் நேர்மை விளங்கிற்று. அதே திருத்தம் தோற்றவருக்கு ஒரு சாக்காகவும் பயன்பட்டது. நேர்மையான நிறுவனத்துக்கு இந்த இடர் எப்போதும் உண்டு.

மறுப்பு

டிசம்பர் 9ஆம் நாள் இரவு ஜாமே மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றினார். ஒரு வாரத்துக்கு முன் தாம் ஏற்ற முடிவைத் தாமே நிராகரித்தார். ஆணையத்தின் பிழையைச் சுட்டி, தேர்தலே செல்லாது, புதிய தேர்தல் வேண்டும் என்றார்.

ஏன் இந்த மனமாற்றம்? கணக்குப் பிழை அவர் வாயால் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறொன்று என்று பலர் கருதினர். எதிரணித் தலைவர்களுள் ஒருவரான ஃபதுமாதா ஜாலோ தம்பஜாங், ஓராண்டுக்குள் ஜாமேமீது வழக்குத் தொடரப்படும் என்று அந்த வாரத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குப் பேட்டி அளித்திருந்தார். பதவி போனால் சிறை என்ற அச்சம் வந்தவர் பதவியை எளிதில் விடுவாரா? கொடுமைக்கு நீதி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதை எந்த நேரத்தில், எவ்விதம் சொல்வது என்பது வேறு செய்தி.

தோற்றவருக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. காம்பியச் சட்டப்படி உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஜாமேயின் கட்சியும் டிசம்பர் 13ஆம் நாள் மனுச் செய்தது. ஆனால் அந்த உச்சநீதிமன்றத்தின் நிலை என்ன? அவருடைய ஆட்சியில் நீதிபதிகள் நீக்கப்பட்டும் விலகியும் போனமையால், ஓராண்டுக்கும் மேலாக அம்மன்றம் கூடவே இல்லை. அயல்நாடுகளிலிருந்து நீதிபதிகளை வரவழைத்தால்தான் வழக்கைக் கேட்க முடியும் என்ற நிலை. ஜனவரி 10ஆம் நாள் வழக்கு எடுக்கப்பட்டபோது நீதிபதிகள் போதவில்லை. மே மாதம்வரை காத்திருக்க நேரும் என்று தலைமை நீதிபதி கூறினார். கிணற்றைத் தாமே தூர்த்துவிட்டுத் தாகத்துக்கு நீரில்லை என்று முறையிட்டதற்கு ஒப்பாயிற்று இது.

இன்னொன்றும் உண்டு. முறையாக வழக்காடுபவர் முதலில் மனுச் செய்து, பின்னர் தீர்ப்புக்குக் காத்திருப்பார். ஜாமே முதலில் தேர்தல் செல்லாது என்று தாமே தீர்ப்புக் கூறினார். நான்கு நாள் கழித்து மன்றத்தைத் தேடினார். வழக்காடுவதற்கும் தேர்தலைக் கவிழ்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த வரிசையிலேயே வெளிப்படுகிறது.

இடையில் மற்ற கருவிகளும் இயங்கின. டிசம்பர் 13ஆம் நாள் படைவீரர்கள் தேர்தல் ஆணையத்தின் அலுவலகத்தைக் கைப்பற்றினர். உயிருக்கு அஞ்சி ஆணையத் தலைவர் ஞாய் செனகலுக்குச் சென்றார். தனியார் வானொலி நிலையங்கள் சில மூடப்பட்டன. முதலில் பாரோவுக்கு ஆதரவு கூறிய படைத்தலைவர் உஸ்மான் பாஜி பின்னர் ஜாமேயின் பக்கம் திரும்பினார். ஜனவரி 17ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் நாடாளுமன்றம் ஜாமேயின் பதவிக்காலத்தை மூன்று மாதம் நீட்டித்தது. தோற்றவருக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் சட்டத்தின் வடிவில் கிடைத்துவிட்டன. மக்கள் அளித்த கோலிக்குண்டுகள் மட்டும் அவர் பக்கம் இல்லை.

எதிர்த்து நின்றவர்கள்

அந்நாட்டில் அஞ்சாதவர்களும் இருந்தனர். வழக்கறிஞர் சங்கம், ஆசிரியர் சங்கம், மருத்துவர் சங்கம், பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆகியோர் பதவியை ஒப்படைக்குமாறு அறிக்கை விடுத்தனர். இவர்களுள் பலர் அரசின் சம்பளத்தை நம்பி வாழ்பவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘காம்பியா தீர்மானித்துவிட்டது’ என்ற வாசகத்தைச் சட்டையில் பொறித்து இளைஞர்கள் அணிந்தனர். அதற்காகச் சிலர் கைதும் ஆயினர். இறுதி நாட்களில் துணைக் குடியரசுத் தலைவரும் அமைச்சர் சிலரும் பதவி விலகினர்.

அச்சத்தால் நாட்டைவிட்டுச் செனகலுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 45,000 பேர் என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் கணக்கிட்டது. பாதுகாப்புக்காகப் பாரோவும் செனகலில் தங்க நேர்ந்தது. அந்நாட்களில்தான் அவருடைய எட்டு வயது மகன் நாய் கடித்து இறந்தான். தந்தை அடக்கத்துக்கு வர இயலவில்லை.

தோற்ற மற்றொருவர்

அண்டை நாடுகளின் பங்கை இனிக் காண்போம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு டிசம்பர் 13ஆம் நாள் நான்கு தலைவர்களைப் பாஞ்சுலுக்கு அனுப்பியது. லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப், நைஜீரியாவின் முகமது புகாரி, சியரா லியோனின் எர்னஸ்ட் பாய் கொரோமா, கானாவின் ஜான் மகாமா ஆகியோரே அந்நால்வர்.

இவர்களுள் மகாமாவின் நிலை தனித்தது. அவரும் அப்போதுதான் தேர்தலில் தோற்றவர். டிசம்பர் 7ஆம் நாள் கானாவில் நடந்த தேர்தலில், பதவியில் இருந்துகொண்டே நானா அகுஃபோ அடோவிடம் அவர் தோற்றார். டிசம்பர் 9ஆம் நாள் வென்றவரை அழைத்து வாழ்த்தித் தோல்வியை ஏற்றார். ஜாமே தம் சொல்லை மீறிய அதே நாள் அது. நான்கு நாள் கழித்து, தோல்வியை ஏற்ற தலைவர் ஏற்காத தலைவரின் முன் சென்று அமர்ந்தார்.

மகாமாவின் பின்வரலாறும் அறியத்தக்கது. 2020இல் அவர் மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். அம்முறை முடிவில் ஐயம் கொண்டு உச்சநீதிமன்றம் சென்றார். 2021 மார்ச்சில் மன்றம் மனுவைத் தள்ளிற்று. தீர்ப்பில் தமக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் அதற்குக் கட்டுப்பட்டார். 2024 டிசம்பரில் மூன்றாம் முறை போட்டியிட்டு வென்றார்; தோற்ற வேட்பாளர் மறுநாளே அவரை வாழ்த்தினார். 2025 ஜனவரியில் அவர் மீண்டும் குடியரசுத் தலைவர் ஆனார். தோல்வியை ஏற்றவருக்கு அடுத்த தேர்தல் என்ற ஒன்று எஞ்சியிருக்கிறது. ஏற்காதவர் அந்தக் கதவையும் தமக்குத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

முடிவு

2017 ஜனவரி 19ஆம் நாள், செனகலின் தலைநகர் டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தின் சிறு அறையில் பாரோ பதவி ஏற்றார். காம்பிய வழக்கறிஞர் சங்கத் தலைவர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அன்றே ஐக்கிய நாடுகள் பாதுகாப்புக் கவுன்சில் பாரோவை ஆதரித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. செனகலின் தலைமையில் கூட்டமைப்புப் படைகள் எல்லையைக் கடந்தன. பின்னர்ப் பேச்சுக்கு இடமளித்து நின்றன. தம் வீரர்களை இந்தச் சண்டையில் ஈடுபடுத்தப்போவதில்லை என்று படைத்தலைவர் பாஜி கூறிவிட்டார். கினி, மாரிட்டானியா நாட்டுத் தலைவர்கள் இறுதியாகப் பேசினர். ஜனவரி 21ஆம் நாள் இரவு ஜாமே விமானம் ஏறினார். எக்குவடோரியல் கினி நாட்டில் தஞ்சம் புகுந்தார். ஜனவரி 26ஆம் நாள் பாரோ தாயகம் திரும்பினார். போர் மூளாமலே ஆட்சி கைமாறிற்று.

அதன்பின் எல்லாம் நலமாகவே நடந்தன என்று கூறிவிட இயலாது. மூன்றாண்டு மட்டுமே இருப்பேன் என்ற வாக்குறுதியைப் பாரோ காக்கவில்லை, ஐந்தாண்டும் இருந்தார். புதிய அரசியலமைப்பு வரைவு 2020இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. எனினும் உண்மை அறியும் ஆணையம் ஒன்று 2019 முதல் ஊரறிய விசாரணை நடத்தி, ஜாமே காலத்துக் கொடுமைகளைப் பதிவு செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தது. அதே கோலிக்குண்டு; அதே மணியோசை. பாரோ வென்றார். தோற்றவர் முன்னர்ச் சிறையிலிருந்த டார்போ. முடிவை எதிர்த்து அவருடைய கட்சி உச்சநீதிமன்றம் சென்றது. இம்முறை நீதிபதிகள் இருந்தனர்; மன்றம் கூடி மனுவைத் தள்ளிற்று. ஐந்தாண்டுக்கு முன் ஆளின்றிக் கிடந்த மன்றம் இப்போது தன் கடமையைச் செய்தது. சிறிய முன்னேற்றமே எனினும் மெய்யான முன்னேற்றம்.

நாம் கற்பன

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் கற்கலாம்.

முதலாவது, தோற்றவர் ஐயம் கொள்வது குற்றம் அன்று. ஐயத்தைச் சான்றோடு, தமக்கு எதிராகவும் தீர்ப்புக் கூறவல்ல மன்றத்தின் முன் வைப்பது அவர் உரிமை. நம் நாட்டிலும் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் தோற்றவர் 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனுச் செய்யலாம். தீர்ப்புக்குக் கட்டுப்படுவது அவ்வுரிமையின் மறுபாதி. மகாமாவிடம் இரண்டும் இருந்தன. ஜாமேயிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தேர்தலைக் கவிழ்க்க ஒருவரால் மட்டும் இயலாது. அலுவலகத்தைப் பூட்ட வீரன் வேண்டும். பதவியை நீட்டிக்க உறுப்பினர் கை தூக்க வேண்டும். செய்தியை மறைக்க நிலையத்தை மூட வேண்டும். இப்பணிகளைச் செய்ய மறுப்பவர் பெருகப் பெருகத் தலைவரின் கை குறுகும். ஆசிரியரும் வழக்கறிஞரும் படைத்தலைவரும் விலகி நின்றபோது ஜாமே தனியராய்விட்டார்.

மூன்றாவது, அண்டை நாட்டுப் படை வந்து காப்பாற்றும் என்று எந்த நாடும் நம்பியிருக்க முடியாது. மூன்று புறமும் ஒரே நாடு சூழ்ந்த சிறு காம்பியாவில் அது நடந்தது. பெருநாட்டில் எவர் வந்து நுழைவர்? அங்கே நேர்மையான ஆணையமும், ஆள் நிறைந்த நீதிமன்றமும், விலைபோகாத பத்திரிகையும் முன்னமே இருந்தாக வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட இயலுமா?

நண்பர்களே! நாளை நம்முள் சிலர் வழக்கறிஞர் ஆவோம். சிலர் ஆசிரியர் ஆவோம். சிலர் தேர்தல் பணிக்கு அனுப்பப்படும் அரசு அலுவலர் ஆவோம். முடிவை மாற்று என்று மேலிடம் சொல்லும்போது மறுக்க வேண்டிய இடத்தில் நாமே இருக்கக்கூடும். அதற்கான பயிற்சியைப் பெரிய பதவி வரும்வரை ஒத்திவைக்க வேண்டுவதில்லை. நம் தமிழ்ச் சங்கத் தேர்தலிலும் ஒவ்வோராண்டும் ஒருவர் தோற்கிறார். வாக்கெண்ணிக்கையில் ஐயம் இருப்பின் எல்லோர் முன்னும் மறுபடி எண்ணக் கேட்கட்டும். எண்ணியபின், வென்றவரின் கையைப் பற்றி வாழ்த்திவிட்டு, அடுத்த கூட்டத்துக்கும் வந்து அமரட்டும். மக்களாட்சியின் முதற்பாடம் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.